முந்நூற்றுப் பதின்மூன்றாவது முகம்

ஜூன் 3, திங்கள்

தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதித் தருவார் என்று பார்த்தால் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார். "மனசுல இருக்கறத அதுல கொட்டிடுங்க மேடம்" என்றார். இதைச் சொல்லவா ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்? சரி, கொட்டுகிறேன்.

பெயர் தமயந்தி. வயது நாற்பத்திரண்டு. சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் நிறுவனத்தில் இணைப் பேராசிரியர். கணினிக்கு முகங்களைப் பார்க்கவும் வரையவும் கற்றுக்கொடுப்பது வேலை. சின்னக் குழந்தையின் புகைப்படத்தைக் கொடுத்தால், முப்பது வருடம் கழித்து அந்த முகம் எப்படி இருக்கும் என்று வரைந்து தரும் மாடல் ஒன்றை நானும் என் ஆராய்ச்சி மாணவி நிலோஃபரும் மூன்று வருடமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். வளாகக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். சமையல் சுமார்.

படித்துப் பார்த்தால் வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருக்கிறது. பழக்கதோஷம். வாஷிங் மெஷின் சுற்றும்போது இடம்விட்டு இடம் நகர்கிறது, ஆள் கூப்பிட வேண்டும்.

ஜூன் 5, புதன்

புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு வகுப்பு. வருடாவருடம் சொல்வதையே சொன்னேன். கணினிக்கு முதலில் ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டிப் பழக்குகிறோம். பிறகு அது பார்த்தே இராத முகங்களைக் கொடுத்துத் தேர்வு வைக்கிறோம். பழக்கத்தில் காட்டிய முகத்தையே தேர்விலும் கொடுத்தால் அது வினாத்தாள் வெளியான பரீட்சை. அம்மா பழக்கத்தில், மகள் தேர்வில் என்று போட்டாலும் அதே மோசடிதான், சாயல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு குடும்பம் என்றால் மொத்தமும் ஒரே பக்கம். ஆய்வகச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதே நான்தான்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. வெளிநாட்டார் சேர்த்து வைத்திருக்கும் படக் குவியல்களில் நம்மூர் முகங்கள் தேடினாலும் கிடைக்காது. ஆகவே எங்கள் ஆய்வகத்தில் சேருகிறவர்கள் முதல் வேலையாக வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து தர வேண்டும். நண்பர்கள், உறவினர்கள் என்று கேட்டுக் கேட்டு இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எண் ஒன்று நான். மொட்டை போட்ட ஒரு வயதிலிருந்து போன வருடத்து அடையாள அட்டை வரை நாற்பத்தொரு படங்கள், பழக்கப் பக்கத்தில்.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா போன் செய்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. அம்மா போன பிறகு விருத்தாசலத்தில் தனியாகத்தான் இருக்கிறார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்பா. நீங்க?"

"ஆச்சு. எப்ப வர?"

"இந்தக் கட்டுரைய அனுப்பிட்டு வரேம்பா. அடுத்த மாசம்."

"ம். ஃப்ரிட்ஜ் சத்தம் போடுது."

"மெக்கானிக்கக் கூப்பிடுங்கப்பா."

"கூப்ட்டேன். அவனும் அடுத்த மாசம்னுட்டான்."

விருத்தாசலம் நாலு மணி நேரம்தான். ஆனால் அந்த வீட்டு ஷோகேஸில் ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றி இன்று வேண்டாம். துணி துவைத்தேன். மெஷின் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

எழுதாமல் தீராது போலிருக்கிறது.

எனக்கு ஒரு தம்பி உண்டு. பூபாலன். 1993 மே மாதம், செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாற இறங்கினோம். அப்பா தண்ணீர் பிடிக்கப் போனார். அம்மா மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் அவனைக் காணவில்லை. அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. அவ்வளவுதான்.

இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் கணக்கு பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன்.

இன்று மத்தியானம் எல்லோரும் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார்கள். அவனுடைய படத்தை எடுத்தேன். தெளிவாக இருப்பது ஒன்றே ஒன்று, அந்த ஷோகேஸ் படத்தின் பிரதிதான், ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும் நின்று எடுத்தது. கட்டம் போட்ட சட்டை, முன்பல் இல்லாத சிரிப்பு. என்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்தேன். ஆனால் அவன் தோளில் என் கை தங்கிவிட்டது. மாடல் குழம்பும் என்பதால் கையை அழித்தேன். ஐந்து விரலையும் எடுத்துவிட்டு அங்கே சட்டைக் கட்டங்களை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேர்வுப் பக்கத்தில் எண் 313 என்று போட்டேன். நிலோஃபரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜூன் 15, சனி

வந்துவிட்டான்.

ஜூன் 17, திங்கள்

நேற்று முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதம் குழைந்துபோனது.

முப்பத்தேழு வயது. ஒடுங்கிய முகம், மீசை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. இடது தாடையில் சின்ன மச்சம்கூட இருக்கிறது. பூபாலனுக்கு மச்சம் கிடையாது. ஆனால் அம்மாவுக்கு அந்த இடத்தில் உண்டு, எனக்கும் உண்டு. வயதாக ஆக வந்திருக்கும். மாணவர்களிடம் "இது அந்த ஆளின் முகம் இல்லை, கணினியின் ஊகம்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். நானும் அதை நம்புகிறேன். ஆனால் இத்தனை வருடம் எனக்குள் ஆறு வயதிலேயே நின்றிருந்தவன் வளர்ந்து வந்து என்னைப் பார்க்கும்போது வேறென்ன செய்ய?

கேன்டீனில் டீ குடிக்கும்போது மொபைலில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ போடும் வசந்தாக்கா எட்டிப் பார்த்தார்.

"யாரு மேடம், உங்க தம்பியா? அப்டியே நீங்கதான். மீசைய எடுத்துட்டா வித்தியாசமே தெரியாது."

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி என்று அவராகவே சொன்னார்! ஆய்வகத்துக்கு வரும்வரை தரையில் கால் படவில்லை.

ஜூன் 19, புதன்

அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"பாத்தேன்."

பிறகு சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கு. கொஞ்சம் எளச்ச மாதிரி தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "பெருசா ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா பாப்பா."

"கூரியர்ல அனுப்பறேம்பா. நாளைக்கே வந்துரும்."

"சரி. அனுப்பு."

ஜூன் 24, திங்கள்

காணாமல்போன பிள்ளைகளைத் தேடித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கும் படத்தை அனுப்பினேன். தனசேகர் என்று ஒருவர் பேசினார். வாட்ஸப் குழுக்களில் போடுகிறாராம். "முப்பத்தோரு வருசம் ஆயிருச்சு மேடம், பெருசா நம்பிக்க வச்சுக்காதீங்க" என்றார். மனுஷன் நேர்மையானவர். கட்டுரையிலும் 313ஐச் சேர்த்துவிட்டேன், எங்கள் முடிவுகளிலேயே தெளிவாக வந்திருப்பது அதுதான். நிலோஃபருக்கு மகிழ்ச்சி. "சூப்பர் மேம், இவர் யாரு?" என்றாள். தெரிந்தவர்கள் வீட்டுப் படம் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

கட்டுரை அனுப்பியாயிற்று. அப்பாவிடம் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னேன். இது அதே அடுத்த மாதம் இல்லை, வேறு.

திரையில் முகப்பாக அவனை வைத்திருக்கிறேன். காலையில் காபியோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுகிறேன். இதை எங்கும் சொல்ல முடியாது. டாக்டர் மாத்திரையே தந்திருக்கலாம்.

ஜூலை 11, வியாழன்

தனசேகர் கூப்பிட்டார். கரூரில் ஒருவர் இருக்கிறாராம். பெயர் ஸ்டீபன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். ஐந்தாறு வயதில் திருச்சியில் ஒரு ரயிலில் தனியாக இருந்தவரைக் கண்டெடுத்து, ஒரு பாதிரியார் நடத்திய இல்லத்தில் சேர்த்தார்களாம். இல்லத்துப் பதிவேட்டில் 1993 மே என்று இருக்கிறதாம். சொந்தப் பெயர் கேட்டதற்குப் பையன் வாயே திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்களாம்.

படம் அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

ஸ்டீபன் படமும் ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தார்.

"வணக்கம் மேடம். எனக்குப் பெருசா ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. ரயில் ஞாபகம் இருக்கு. ஐஸ் சாப்ட்டுட்டு இருந்தேன், கையெல்லாம் ஒட்டுச்சு. வேற ஒண்ணும் தெரியலீங்க. நான் உங்க ஆளு இல்லைன்னாலும் பரவால்லீங்க, சும்மா கேட்டுப் பாக்கலாம்னுதான்."

அகன்ற முகம், தடித்த தாடை, சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது. 313க்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் முறைப்படி செய்தேன். இரண்டு படங்களையும் ஒப்பீட்டு மென்பொருளில் போட்டேன். நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வந்தால் ஒரே ஆள் என்று கொள்ளலாம். வந்தது இருபத்தொன்பது.

ஐஸ் என்றாரே என்று ஒரு கணம் இடித்தது. ரயிலில் ஐஸ் தின்னாத பிள்ளை உண்டா?

பொருந்தவில்லை, மன்னிக்கவும் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. "பரவால்லீங்க மேடம். உங்க தம்பி சீக்கிரம் கெடைக்கட்டும்னு ஜெபம் பண்ணிக்கறேன்."

ஜூலை 28, ஞாயிறு

யாரும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அப்பாகூட இந்த வாரம் கூப்பிடவில்லை. நானும்தான். மெஷின் ரிப்பேர்காரர் வந்து, தரை சமமாக இல்லை என்று அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார். இதற்கா எட்டு வாரம்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கட்டுரைக்கு மதிப்புரைகள் வந்தன. மூன்றாவது மதிப்பீட்டாளர் ஒன்று கேட்டிருந்தார். கணினி வரைந்த ஒவ்வொரு முகத்துக்கும், அதைப் பழக்கிய படங்களில் மிக நெருக்கமான பத்து எவை என்று காட்டுங்கள் என்று. நியாயமான கேள்வி. கணினி வரைகிறதா, பார்த்து எழுதுகிறதா என்று சோதிக்கும் வழி. நானே மற்றவர்களுடைய கட்டுரைகளுக்கு இதைக் கேட்டிருக்கிறேன்.

மாலை நாலு மணிக்கு நிலோஃபர் காகிதக் கட்டோடு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேம், மத்ததெல்லாம் ஓகே. 313 மட்டும் ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"பத்துல எட்டு படம் நீங்க மேம்."

தாளை வைத்தாள். இடப்பக்கம் என் தம்பி. வலப்பக்கம் நான், முப்பது வயதில், முப்பத்தைந்தில், அடையாள அட்டையில். மச்சம் அதே இடத்தில். பதில் சொல்ல யோசிக்கிற மாதிரியான அந்தப் பார்வை, போன வருடம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவன் முகவாயை நிமிர்த்தச் சொன்னபோது நான் பார்த்த பார்வை.

"313 யாரு மேம்?"

"என் தம்பி."

அவள் சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கு மட்டும்தான் ரூல் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். என்னை ஒரு வயதிலிருந்து நாற்பத்தொன்று வரை அதற்குக் காட்டியிருந்தேன். பிறகு என் சாயலில் ஒரு குழந்தையைக் கொண்டுபோய் நீட்டினேன். தெரிந்த முகம் என்று அது என்னையே வளர்த்தது. ஆண் என்று சொன்னதால் மீசை வைத்தது. ஏழு வாரமாக நான் காபியோடு உட்கார்ந்து பேசியது என்னோடுதான்.

ஒரு மனிதரை என் முகத்தோடு ஒப்பிட்டு, நீ என் தம்பி இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் எனக்காக ஜெபம் செய்கிறார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், தவறு முழுக்க என்னுடையது என்றும் எழுதிவிட்டேன். நிலோஃபருக்குப் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேம், 313 இல்லாம சோதனைய திரும்ப ஓட்டிக்கலாம்" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "தம்பி எப்ப மேம்...?" என்றாள். மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள், இதுவரை அவளிடம் என் வீட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைத் தவிர.

அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு விழுப்புரத்தில் கூட்டமே இல்லை. உச்சி வெயிலில் பிளாட்பாரம் காலியாகத்தான் இருந்தது. "தம்பி கைய வுடாத" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போனார். பூபாலன் ஐஸ் தின்றுகொண்டிருந்தான். அவன் கை பிசுபிசுவென்று என் புதுப் பாவாடையில் ஒட்டியது. சீ என்று உதறினேன். கடையில் தொங்கிய பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஐஸ்.

ஆகஸ்ட் 10, சனி

விருத்தாசலம். ஒன்றே முக்கால் வருடம் கழித்து.

அப்பா பாதியாகிவிட்டார். ஃப்ரிட்ஜ் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. கூடத்தில், டிவிக்கு மேலே, நான் கூரியரில் அனுப்பிய அந்தப் படம். நல்ல சட்டமாகப் போட்டு மாட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் பஸ்ஸில் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"அப்பா, அந்தப் படம்... அது பூபா இல்லப்பா. தப்பு பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் என் மூஞ்சியையே போட்டுருச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது நீன்னு. போன்ல பாத்தப்பவே தெரிஞ்சுது. பெத்தவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்பா பிரிண்ட் கேட்டீங்க? எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?"

அப்பா டிவியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நீதான் வரதில்லையே. மீச இருந்தா என்ன, நீதானன்னு மாட்டி வச்சேன்."

அழுதேன். நாற்பத்திரண்டு வயதில், சமையலறையில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் நின்று அழுதேன். திரும்பி வந்து கையை உதறிய கதையைச் சொன்னேன். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தண்ணி அப்பறம் புடிச்சிருக்கலாம்" என்றார். "நானும் தெனம் அதத்தான் நெனச்சிக்கிறேன்."

ஸ்டீபனைப் பற்றியும் சொன்னேன். மொபைலில் அவர் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியல பாப்பா" என்றார். "சத்தியமா தெரியல. வரச் சொல்லு. நம்ம ஆளு இல்லைன்னா சாப்ட்டுட்டுப் போவட்டும்."

ஆகஸ்ட் 12, திங்கள்

ஸ்டீபனை நானே கூப்பிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கணினி, மச்சம், இருபத்தொன்பது எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பின்னால் பட்டறையில் தகரம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் இல்லைன்னு இன்னும் முடிவாகலீங்களா மேடம்?"

"இல்ல. அப்பாவோட சேத்து ரத்தப் பரிசோதனை செஞ்சா தெரிஞ்சிடும். உங்களுக்குச் சம்மதம்னா."

"ஞாயித்துக்கெழம லீவுங்க மேடம்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெள்ளி மாலையே விருத்தாசலம் வந்துவிட்டேன். ஃப்ரிட்ஜுக்கு நானே போய் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தேன். அப்பா நேற்றே முடி வெட்டிக்கொண்டார். காலையில் கறி எடுத்தார், யாரும் கேட்காமலே.

திருச்சி வண்டி இருபது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் நானும் அப்பாவும் நின்றோம். நடுத்தர உயரம், அகன்ற முகம், இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் நீலப் பெயின்ட். கையில் ஒரு பை பழம். பக்கத்தில் வந்து நின்றபோது பூபாலனைத் தேடி அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இருபது வருடமாக முகங்களை அளப்பதுதான் என் தொழில். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்பா பழப்பையை வாங்கிக்கொண்டார். வாசலில் ஆட்டோ பிடிக்க முன்னால் போனார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

"டெஸ்ட் ரிசல்ட்டு வர எவ்ளோ நாளாகும்ங்க மேடம்?"

"மூணு வாரம் சொல்றாங்க."

படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அதுவரைக்கும் அக்கான்னு கூப்ட்டுக்கட்டுங்களா?"

கூப்பிடு என்றேன். படிக்கட்டில் ஒரே கூட்டம். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.